முழுசா கட்டின மாசம்

கிரெடிட் கார்டு கடன்ல மாட்டாம இருப்பது எப்படின்னு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க, குரு பெசார் நல்லசாமி தோட்டம் முழுக்கத் தேடி என்னைத்தான் பிடிச்சாரு. எங்க தலைமையாசிரியரை எல்லாரும் மலாய்ல அப்படித்தான் சொல்லுவோம். "தாயம்மா டீச்சரை விட்டா வேற யாரு? ஒரு வெள்ளி செலவு பண்ண மூணு நாள் யோசிக்கிற ஆளு"ன்னு ஆசிரியர் அறையில எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அன்னைய தேதிக்கு என் கார்டுல ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளி, அதான் ரிங்கிட், கடன் நின்னுச்சு.

இது தொண்ணூத்தஞ்சு கடைசியில. பகாவ்லேருந்து கோலா பிலா போற ரோட்டுல பிரிஞ்சு, செம்மண் பாதையில அஞ்சு மைல் உள்ளே போனா எங்க ரப்பர் தோட்டம். பாரம் அஞ்சு, அதாவது பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதி முடிச்ச பதினாலு பிள்ளைங்க, ஆணும் பெண்ணுமா, பாக்டரி வேலைக்குப் போகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் இங்கிருந்து கோலாலம்பூருக்குப் போன ஒரு பையன் மூணு கார்டு வாங்கித் தேய்ச்சுட்டு ஆளே காணாமப் போயிட்டான். வசூல்காரனுங்க, நாங்க காடின்னு சொல்ற கார்ல வந்து இறங்கி அவங்க அப்பாவை தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேட்டானுங்க. மனுஷன் அதுக்கப்புறம் நாலு நாள் வேலைக்குப் போகல. அதைப் பார்த்துட்டுத்தான் நல்லசாமி, சனிக்கிழமை காலையில நாலு வாரம் வகுப்பு வைக்கணும்னு முடிவு பண்ணாரு. நல்ல முடிவுதான். ஆளைத்தான் தப்பாப் பிடிச்சாரு.

வட்டிக் கணக்கு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குப் பதினெட்டு வருஷமா விழுக்காடு சொல்லிக்கொடுக்கிறவ நான். அப்புறம் எப்படி மாட்டினேன்னா, எங்க அம்மா ராக்கம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. இந்தத் தோட்டத்துக் கடையில ஒரு பழக்கம் உண்டு. மாசம் முழுக்க அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடன்ல வாங்கி, சம்பள நாள்ல போய்க் கட்டுவோம். ஆனா யாரும் முழுசா கட்ட மாட்டோம். அஞ்சு வெள்ளியோ பத்து வெள்ளியோ பாக்கி நிக்கணும். முழுசா கட்டினா ஒண்ணு தோட்டத்தை விட்டுப் போறோம்னு அர்த்தம், இல்ல கடைக்காரர் மூஞ்சியில இனி முழிக்க மாட்டோம்னு அர்த்தம். கையில காசு இருந்தாலும் அம்மா கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டுத்தான் வருவாங்க. கடைக்காரரும் அதுக்கு ஒரு காசு வட்டி கேட்டதில்ல. பாக்கி நிக்கிறவன் நம்ம ஆளுன்னு அவருக்கு ஒரு கணக்கு.

அம்மா தொண்ணூத்திரண்டுல செத்துப்போனாங்க. அடுத்த வருஷம் சிரம்பானுக்குத் துணி வாங்கப் போனப்ப, கடை வாசல்ல மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தன், டீச்சர்னா உடனே கார்டு கிடைக்கும்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டான். முதல் பில்லு நானூத்து முப்பது வெள்ளி வந்துச்சு. நான் மடத்தனமா நானூறு கட்டிட்டு முப்பது நிறுத்தி வச்சேன். முழுசா கட்டி மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகிடக் கூடாதுன்னு நினைச்சேன். பேங்க்குக்கு மூஞ்சி ஏதுன்னு யோசிக்கவே இல்ல. அடுத்த மாசம் நூறு நின்னுச்சு, அதுக்கடுத்த மாசம் ஐநூறு. குறைஞ்ச தொகை கட்டினாப் போதும்னு பில்லுலயே அவனே எழுதி அனுப்பினப்ப, அட, இவனும் எங்க கடைக்காரர் மாதிரிதான்னு நெஞ்சு குளிர்ந்துபோச்சு.

எதுக்குச் செலவு பண்ணேன்னு கேப்பீங்க. ஷா ஆலத்துல என் தம்பி முருகையா இருக்கான். அம்மா இருந்த வரைக்கும் ஸ்கூல் லீவுக்குப் பொண்டாட்டி பிள்ளைங்களோட வருவான். அம்மா போனதும் வரத்து நின்னுபோச்சு. கேட்டா, பிள்ளைங்களுக்கு அங்க வந்தா ஒண்ணும் இல்லக்கா, போர் அடிக்குதுங்கிறாங்கன்னான். சரி, ஒண்ணும் இல்லாததுதானே குறைன்னு நான் வாங்க ஆரம்பிச்சேன். பிள்ளைங்க படுக்க ரெண்டடுக்கு மாடிக் கட்டில் வாங்கினேன், பெரிய டிவி வாங்கினேன், வீடியோ கேம் பெட்டி வாங்கினேன், பாட்டுப் பாடுற மைக்கு செட்டு வாங்கினேன், புது சோபா வாங்கினேன். எல்லாம் கார்டுல. வந்தாங்க, இல்லேன்னு சொல்லல. ரெண்டு நாள் இருந்தாங்க. கொசு கடிக்குதுன்னு பிள்ளைங்க அழுதுச்சுங்க. ரப்பர் பால் நாத்தம் குமட்டுதுன்னு அவன் பொண்டாட்டி ஜன்னலைத் திறக்கவே இல்ல. அடுத்த லீவுக்குக் கேமரன் மலைக்குப் போயிட்டாங்க. அந்த சோபாவுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் எடுக்கல.

எங்க ஸ்கூல்ல மத்த டீச்சர்மார் எல்லாம் பகாவ்லேருந்து வர்றவங்க. மணி ஒண்ணரை ஆனா மோட்டாரும் காடியும் புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் போயிடும். ஸ்கூல் வீட்டுல தங்குறவ நான் ஒருத்திதான். லயத்துல பாதி வீடு காலி. இருக்கிற ஜனங்க டீச்சர்னு மரியாதையா ஒதுங்கி நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு நகர்ந்துடுவாங்க. கல்யாணம் ஆகாத நாப்பத்தோரு வயசுக்காரிகிட்ட என்னத்தைப் பேசுறதுன்னு அவங்களுக்கும் தெரியல. ஒண்ணரை மணிக்கு மூடுற வாயை நான் மறுநாள் காலையிலதான் திறப்பேன். சில நாள் என் குரல் மறந்துடுமோன்னு குழாயடியில நின்னு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்திருக்கேன். அவ்வளவு கேவலமாப் போச்சு என் பொழப்பு.

அப்பத்தான் அந்த போன் வந்துச்சு. ஒரு மாசம் பில்லு எங்கயோ மாட்டிக்கிட்டு லேட்டா வந்து, கட்டுற தேதி தவறிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல விறைப்பா, இன்ன தொகை, இன்ன தேதி, ஏன் கட்டலன்னு கேட்டா. எனக்குத்தான் மூக்கு மேல கோபம் வருமே. "நான் ஓடியா போயிட்டேன்? தபால்காரன் தோட்டத்துக்கு வாரத்துக்கு ரெண்டு தடவைதான் வர்றான், அவனைப் போய்க் கேளு"ன்னு தமிழ்ல பொரிஞ்சு தள்ளிட்டேன். அந்தப் பக்கம் சின்னதா ஒரு சிரிப்பு. அப்புறம் தமிழ்லயே, கோவிச்சுக்காதீங்க டீச்சர், என் பேரு வள்ளிநாயகி, நான் ராசா ஊர்க்காரிதான், சிரம்பான் பக்கம், இங்க கோலாலம்பூர்ல வேலைலான்னு நம்ம ஊரு லா போட்டுச் சொன்னா. குரல் அப்படியே வேற ஆளாயிடுச்சு. சாப்டீங்களான்னு கேட்டா. அம்மா செத்த பிறகு என்னை யாரும் அந்த வார்த்தை கேட்கல.

மறுநாளே பகாவ்ல போய்க் கட்டிட்டேன். ஆனா அடுத்த மாசம் பத்தாம் தேதி கட்ட வேண்டியதை, காசைக் கையில வச்சுக்கிட்டே கட்டல. பதினாறாம் தேதி வள்ளி கூப்பிட்டா. அதுக்கடுத்த மாசமும் அப்படித்தான். தாமதத்துக்கு அபராதம் அஞ்சு வெள்ளி. அஞ்சு வெள்ளிக்கு மூணு நிமிஷம். அதுக்கு மேல பேசினா அவளுக்கு மேல இருக்கிறவ கடிகாரத்தைக் காட்டுவாளாம். அந்த மூணு நிமிஷத்துக்குள்ள, நாலு பொண்ணுங்களோட ஒரே ரூம்ல இருக்கிறது, சாப்பாட்டுக் கடைக்காரன் குழம்புல தண்ணி ஊத்துறது, ராசாவுல அவங்க அம்மாவுக்கு முட்டி வலி, எல்லாம் சொல்லுவா. கடைசியில மறக்காம, டீச்சர், கொஞ்சம் கூடுதலாக் கட்டப் பாருங்க, வட்டி ஏறுதுன்னுவா. நான் சரிம்மா சரிம்மான்னுவேன். பதினாறாம் தேதி நெருங்கினா நாலு மணிக்கே குளிச்சுட்டு போனுக்குப் பக்கத்துல உட்கார்ந்துடுவேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாத்தான் இருக்கு.

இப்படிப்பட்ட நான்தான் மூணாவது சனிக்கிழமை பலகைக்கு முன்னாடி நின்னேன். முதல் ரெண்டு வாரம் சம்பளத்தைப் பிரிக்கிறது, சேமிக்கிறது எல்லாம் ஆச்சு. அன்னிக்குக் கார்டு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு வேணும். கற்பனையா ஒண்ணு போட்டிருக்கலாம். என் சோம்பேறித்தனமோ தலையெழுத்தோ, மனசுல இருந்த கணக்கு கைக்கு வந்துடுச்சு. "ஒரு பொம்பளை இருக்கா. கடன் ஆறாயிரத்து எண்ணூறு. வட்டி மாசம் நூத்துக்கு ஒண்ணரை. கட்டுற அளவுக்கே திரும்பவும் தேய்ச்சுடுறா, அதனால கடன் குறையல. ஒவ்வொரு மாசமும் லேட்டாக் கட்டுறா, அதுக்கு அபராதம் அஞ்சு"ன்னு எழுதினேன். வட்டி நூத்திரண்டு, அபராதம் அஞ்சு, பன்னிரண்டால பெருக்குங்கன்னேன். பிள்ளைங்க பெருக்கிட்டு ஆயிரத்து இருநூத்து எண்பத்து நாலுன்னாங்க. ஒரு வருஷத்துக்கு. உங்க அம்மா மூணரை மாசம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற கூலிலா இதுன்னு சொன்னேன். நானும் அந்தத் தொகையை ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன். ஏன்னா அதுவரைக்கும் அந்தக் கணக்கை நான் ஒரு தடவை கூட எழுதிப் பார்த்ததில்ல.

ஒரு பையன், அந்தப் பொம்பளை ஏன் ஆரம்பத்துலயே முழுசா கட்டலன்னு கேட்டான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பின்னாடி ஒருத்தன், முழுசா கட்டினா மரியாதை இல்லலா, எங்க வீட்டுல கடைக்கணக்கு எப்பவும் பத்து வெள்ளி நிக்கும்னான். ஆமா ஆமான்னு எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். கடைக்காரருக்கு உன்னைத் தெரியும், உங்க அப்பனைத் தெரியும், நீ செத்தா வந்து நிப்பாரு. பேங்க்குக்கு நீ ஒரு நம்பர். அங்க பாக்கி வைக்கிறவனுக்குப் பேரு மடையன்னு மேசையைத் தட்டிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வள்ளி ஞாபகம் வந்துச்சு.

அப்பத்தான் பஞ்சாலைன்னு ஒரு பொண்ணு கையைத் தூக்கினா. கங்காணி வேலை பார்க்கிற மண்டோரோட மகள், கணக்குல புலி. அவளும் என்கிட்ட ஆறாம் ஆண்டு படிச்சவதான். அந்தப் பொம்பளை என்ன வேலைன்னு கேட்டா. கவர்மெண்ட் வேலைன்னேன். அப்படீன்னா மாசம் இருபத்தஞ்சுல சம்பளம் வந்துடும், கட்ட வேண்டிய தேதி என்னன்னா. பத்துன்னேன்.

"காசு கையில இருக்கே டீச்சர். அப்புறம் ஏன் பன்னிரண்டு மாசமும் லேட்டாக் கட்டுறா?"

பதினாலு பேரும் என்னையே பார்த்தாங்க. மறதின்னு சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு மாசமும் மறக்கிறவ உண்டான்னு அவளே அடுத்த கேள்வி கேட்பா. "பாடத்தைப் பாரு, பொம்பளையைப் பார்க்காதே"ன்னு சிடுசிடுத்துட்டு, பத்து நிமிஷம் முன்னாலயே வகுப்பை விட்டுட்டேன்.

எல்லாரும் போன பிறகு பலகையை அழிச்சுக்கிட்டு இருந்தேன். பஞ்சாலை மட்டும் வாசல்ல நின்னா. அடுத்த வாரம் வகுப்புக்கு வர முடியாது டீச்சர், திங்கக்கிழமை செனவாங் பாக்டரியில சேரச் சொல்லிட்டாங்க, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்னா. நல்லா இரும்மா, சம்பளத்துல பத்துல ஒண்ணு எடுத்து வைன்னு வழக்கமா சொல்றதைச் சொன்னேன். தலையாட்டினா. ஆனா போகல. செருப்பை மாட்டுறதும் கழட்டுறதுமா நின்னா. அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"டீச்சர், அந்தப் பொம்பளையை முழுசா கட்டச் சொல்லுங்க."

அதுக்கு மேல ஒண்ணும் கேட்கல. குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டா. நான் அழிச்ச பலகையையே திரும்பத் திரும்ப அழிச்சேன். பதினேழு வயசுப் பொண்ணு கண்டுபிடிச்சுட்டாளேன்னு முதல்ல ஆத்திரம்தான் வந்துச்சு. வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு உட்கார்ந்ததும் ஆத்திரம் போய் அழுகை வந்துச்சு. ஒரு பிள்ளை என்னைப் பார்த்திருக்கு. இத்தனை வருஷத்துல என்னை இவ்வளவு கூர்ந்து யாரும் பார்த்ததில்ல, அதுவும் நாளைக்குத் தோட்டத்தை விட்டுப் போகுது.

கட்ட வழி இல்லாம இல்ல. அம்மாவோட இபிஎஃப் பணம் ஏழாயிரத்து இருநூறு என் பேர்ல பேங்க்ல கிடந்துச்சு. முப்பத்தொரு வருஷம் பால்மரம் வெட்டின காசு, தொட மனசு வரல. அது வருஷத்துக்கு இருநூத்து எண்பத்தெட்டு வெள்ளி எனக்குக் கொடுத்துச்சு, கார்டு ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் என்கிட்டேருந்து வாங்குச்சு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகிட்ட கேட்டாலும் எதை எடுத்து எதை அடைக்கணும்னு சொல்லிடும். எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? அடைச்சுட்டா பதினாறாம் தேதி போன் அடிக்காது. அதுவும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

அந்த மாசம் பதினாறுக்கு வள்ளி கூப்பிட்டா. அவங்க அம்மா முட்டிக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னேன். குழம்புக் கடையை மாத்திட்டாளான்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் ஓடிடுச்சு. அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்.

"வள்ளி, ரெண்டு நாள்ல நான் முழுசா கட்டிடப் போறேன்மா."

"நெசமாவா டீச்சர்? அப்ப இனி நான் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரல்ல. அவ லிஸ்டுல இருக்கிற நூத்திருபது பேர்ல அந்த வருஷம் முழுசா அடைக்கப்போற முதல் ஆள் நான்தானாம், அவளுக்கு ஆபீஸ்ல நல்ல பேரு கிடைக்குமாம். நூத்திருபது பேரு. நான் ஒருத்திதான்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன் நம்பர் இருந்தா கொடும்மா, சும்மா எப்பவாவது பேசலாம்னு கேட்டேன். கொடுக்கக் கூடாது டீச்சர், இதெல்லாம் பதிவாகுதுன்னு மெதுவாச் சொன்னா. அவளைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு. அவ வேலையை அவ பார்த்தா, நான்தான் அதை வேற என்னவோன்னு வச்சுக்கிட்டேன். சரிம்மா, வேலையைப் பாருன்னு வச்சுட்டேன்.

அம்மா பணத்தை எடுத்துக் கட்ட, சிரம்பான்ல இருக்கிற பெரிய கிளைக்கு பஸ் ஏறிப் போனேன். பகாவ் பசார்ல ஒரு டப்பா முறுக்கு வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன், பேங்க்ல யாராவது அவகிட்ட சேர்த்துடுவாங்கன்னு ஒரு நப்பாசை. கவுண்டர்ல இருந்த பையன் பணத்தை மெஷின்ல போட்டு எண்ணி, சீட்டுல முத்திரை குத்தி, நிமிர்ந்து பார்க்காமலே நீட்டினான். பாக்கி சுழியம். வள்ளிநாயகின்னு ஒரு பொண்ணு, அவகிட்ட இதைக் கொடுக்க முடியுமான்னு கேட்டேன். அந்தப் பிரிவே இங்க இல்ல மேடம், கோலாலம்பூர்ல, நிறைய பேர் இருக்காங்க, எனக்கு யாரையும் தெரியாதுன்னான். பின்னாடி வரிசை நின்னுச்சு, ஒதுங்கினேன். திரும்பி வர்ற பஸ்ஸுல கோலா பிலா தாண்டுறதுக்குள்ள பாதி முறுக்கை நானே தின்னுட்டேன்.

நாலாவது சனிக்கிழமை, அந்தப் பொம்பளை எல்லாத்தையும் கட்டிட்டான்னு வகுப்புல சொன்னேன். பிள்ளைங்க கை தட்டினாங்க. ஜனவரிக்குள்ள பதினாலு பேரும் ஒவ்வொருத்தரா பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த பதினாறாம் தேதி போன் அடிக்கல. அதுக்கடுத்த மாசமும் அடிக்கல. நல்லதுதானேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். நல்லதுதான். கார்டுக்குக் கட்டிக்கிட்டிருந்த மாசம் முன்னூத்துச் சொச்சம் மிச்சமாச்சு, அதை மறுபடி அம்மா பணத்துல போட்டேன். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த வீட்டுக்குள்ள இருக்க முடியல. வெளியே வந்து படியில உட்கார்ந்துடுவேன்.

மார்ச்சுல ஒரு நாள் அஞ்சு மணி வாக்குல போன் அடிச்சுச்சு. படியில தடுக்கி விழப் பார்த்தேன், அப்படி ஓடினேன். வள்ளியான்னு கேட்டுட்டேன். ஒரு ஆம்பளைக் குரல், இங்கிலீஷ்ல. அதே பேங்க். மேடம் கடனை முழுசா அடைச்ச நல்ல வாடிக்கையாளர், அதனால உங்க கார்டு வரம்பை ஏழாயிரத்துலேருந்து பன்னிரண்டாயிரமா உயர்த்தித் தர்றோம், சம்மதம்னு சொன்னாப் போதும்னான். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமச் சொல்லி முடிச்சான்.

எனக்குப் பதில் தெரியும். அதைத்தானே பலகை நிறைய எழுதிப் போட்டேன். ஆனா உடனே சொன்னா வச்சுடுவானே. சரியா காதுல விழல, முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். அவனும் நல்ல பையன், சலிச்சுக்காம முதல்லேருந்து சொன்னான். நான் ரிசீவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். என் பேரை மறுபடியும் முழுசாச் சொல்லி, மேடம், சம்மதமா இல்லையான்னு கேட்டான்.

"வேண்டாம் தம்பி"ன்னு தமிழ்லயே சொன்னேன். அவனுக்குப் புரியல. அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னேன். நன்றி மேடம்னான். நான் வைக்கல, அவன்தான் வச்சான்.